அந்தக் கட்டத்தில் தேதி எழுத மாட்டேன்

படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. பெயர், அப்பா பெயர், ஊர், வயது, தொழில், ஞானஸ்நானம் எடுத்த இடம் ஆகிய ஆறையும் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். ஏழாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அது முடியும். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'ரட்சிக்கப்பட்ட தேதி' என்று அச்சடித்து, நாள், மாதம், வருடம் என்று அதற்குள் மூன்று சின்னக் கட்டங்கள் போட்டிருந்தார்கள்.

பாஸ்டர் எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து எரிந்துபோன தண்ணீர் மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். கடலூர் முதுநகரில் அவருடைய சபை சின்னச் சபை. காணிக்கையில் வீடு நடக்காது. வார நாட்களில் மோட்டார் வேலை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்.

“எழுதிட்டீங்களா பிரதர்?”

“ஒண்ணு பாக்கி இருக்குது.”

“எது?”

“தேதி.”

அவர் சிரித்தார். “பொறந்த நாளு மறந்தாலும் அது மறக்காதே.”

“மறக்கல பாஸ்டர். அப்பிடி ஒண்ணு இருக்குதான்னே தெரியல.”

செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

அந்தப் படிவம் எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையில் கட்டி உடைத்துப் படகில் ஏற்றுகிற வேலை. மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு பெண்ணும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று பேசி முடித்திருந்தோம். அவள் கணவர் சிறுநீரகம் கெட்டு இறந்து ஆறு வருடம் ஆகிறது. கல்யாணம் சபையில் நடக்க வேண்டும் என்றால் இருவரும் சபை உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராக இருக்க இந்தப் படிவம் வேண்டும். கமிட்டி புதிதாக அச்சடித்தது; பழைய ஆட்களும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஞானஸ்நானம் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பாஸ்டர் கையால் கடலில் எடுத்தேன். அன்று அவர், “இயேசுவை விசுவாசிக்கிறீங்களா?” என்று ஒரு கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றேன். இன்று கேட்டாலும் அதுதான் பதில். ஆனால் எந்த நாளில் இருந்து என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதற்குக் காரணம் நான் செய்த வேலை.

குமராட்சிப் பக்கம் ஒரு ஊரில் பிறந்தேன். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய ஒரு வருடம் எங்கள் வீட்டு மண்சுவர் கரைந்து விழுந்தது. அப்பா சுவரைத் திரும்ப வைத்தார். நான் திரும்பப் போகவில்லை. சிதம்பரத்தில் ஒரு பந்தல் மேஸ்திரியிடம் சேர்ந்து பதினாறு வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். பந்தலுக்குச் சாமி பேதம் கிடையாது. அதே சவுக்கு, அதே தகரம், அதே கயிறு. தேருக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல், வடலூர் பூசத்துக்கு நீளப் பந்தல், நோன்புக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் சின்னப் பந்தல், கட்சிக் கூட்டம், கருமாதி, கிறிஸ்தவர்கள் நடத்துகிற எழுப்புதல் கூட்டம். ஒன்றைப் பிரித்தால் அடுத்ததில் நடுவோம். அந்தத் தகரத்தின் மேல்தான் தூங்குவோம். இரண்டு தடவை மேலிருந்து விழுந்தேன். ஒரு தடவை காறை எலும்பு உடைந்து கோணலாகக் கூடியது. இப்போதும் வலது தோள் ஒரு விரல் கீழேதான் இருக்கும்.

எழுப்புதல் கூட்டத்தில் கடைசியில் ஒரு அழைப்பு வரும். பிரசங்கியார் குரலைத் தாழ்த்தி, ஆண்டவருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள் என்பார். கீபோர்டு மெதுவாக ஒலிக்கும். நான் பார்த்த முதல் கூட்டம் சிதம்பரத்தில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு மைதானத்தில் நடந்தது. அன்று ஒருவரும் எழவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. மேஸ்திரி எங்களோடு கடைசியில் நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. அவர் என் முதுகில் விரலால் குத்தினார்.

“டேய், நாலு பேரு எழுந்து முன்னாடி போங்கடா. பாவம், அந்தாளு தொண்ட வறண்டு நிக்கிறாரு.”

“நாங்களா? எதுக்குண்ணா?”

“பந்தியில மொதல்ல ஒருத்தன் உக்காராம எவன்டா உக்காருவான்? கூட்டம் சரியா எழும்பலன்னா நம்ம பந்தலுக்கு ராசி இல்லன்னு அடுத்த வருஷம் வேற ஆளக் கூப்புடுவாங்க. போ.”

போனோம். எங்கள் நான்கு பேருக்குப் பின்னால் நாற்பது பேர் வந்தார்கள். முன்னால் மண்டியிடச் சொன்னார்கள், மண்டியிட்டோம். சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத் திருப்பிச் சொன்னோம். திரும்பி வந்து நாற்காலிகளை அடுக்கினோம். அதுவும் வேலைதான்.

அதன் பிறகு எத்தனை கூட்டத்தில் அப்படி நடந்தேன் என்று எண்ணியதில்லை. முப்பது இருக்கலாம். புவனகிரியில் ஒன்றும் தோன்றவில்லை. காட்டுமன்னார்கோயிலில் அழுதேன். ஆனால் முதல் நாள்தான் சவுக்குக் கழி விழுந்து கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. எதற்கு அழுதேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. சேத்தியாத்தோப்பில் யாரோ ஒருவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கையில் வலித் தைலம் மணத்தது. அவர் கையை எடுத்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். பரங்கிப்பேட்டையில் கூட்டம் முடிந்து சவுக்கைப் பிடுங்கும்போது, சொல்லிக்கொடுத்த ஜெபத்தையே நானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது தெரிந்து நிறுத்தினேன். பக்கத்தில் இருந்தவன், “இன்னாடா தனியா பேசற?” என்று கேட்டான்.

இதில் எது தேதி? கூலிக்காக நடந்தவனை அன்று ஆண்டவர் ஏற்றுக்கொண்டாரா? ஏற்றுக்கொண்டார் என்றால் முப்பதில் எந்த நாள்? இல்லை என்றால் இப்போது நான் யார்? இந்தக் கேள்வி என்னிடம் எப்போதும் இருந்தது. படிவம் வந்த பிறகு அதற்கு ஒரு கட்டம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் மார்க்கெட்டில் அவளிடம் சொன்னேன். அவள் வஞ்சிர மீன் ஒன்றை அரிவாள்மணையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

“எழுதித் தொலைங்களேன். யாரு போயி சோதிக்கப் போறாங்க?”

“ஆண்டவருக்குத் தெரியும்.”

“அவருக்குத் தெரியும்னா அப்பறம் இன்னா? எது சரின்னு அவரே திருத்திக்குவாரு. செதில் உங்க மேல தெறிக்குது, தள்ளி நில்லுங்க.”

“பொய் சொல்லிட்டுப் போயி அவரு முன்னாடி நிக்கணுமா?”

“நீங்க அவரு முன்னாடி நிக்கறது இருக்கட்டும். நான் எங்க நிக்கணும்னு உங்களுக்குத் தெரியும்தான?”

தெரியும். சபையில் மேடைக்கு முன்னால், நடு மின்விசிறிக்கு நேர்கீழே, அவள் கணவரின் சவப்பெட்டியை வைத்தார்கள். அதன் பிறகு அவள் சுவரோர வரிசைக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கேதான் விதவைகள் உட்காருவார்கள். ஆறு வருடமாகச் சுவரைப் பார்த்துப் பாடுவதாகவும், ஒரு தடவையாவது அந்த மின்விசிறிக்குக் கீழே நிற்க வேண்டும் என்றும் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டாவது முறை சொல்லுகிற ஆள் இல்லை அவள். பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, “அங்க என்னைய எவனுக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

என் ஒரு கட்டத்தால் அவளுக்கு அந்த இடம் போகப் போகிறது. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுகிறவர் முதலில் தன் ரட்சிப்பின் தேதியைச் சொல்வார். பெயரைக்கூடச் சிலர் சொல்ல மாட்டார்கள், தேதியைச் சொல்வார்கள். அந்த நாள் வரும்போது மிட்டாய் கொடுப்பார்கள். இரண்டு வருடம் எல்லாருடைய மிட்டாயையும் வாங்கித் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். படிவம் வந்த வாரம், கூட்டம் முடிந்ததும் கமிட்டி மூப்பர் என்னை வாசலில் பிடித்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா.

“பிரதர், இன்னைக்கே செத்துட்டா எங்க போவீங்க?”

“ஜிஎச்சுக்கு.”

செருப்புத் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூப்பர் சிரிக்கவில்லை.

“வெளையாட்டு இல்ல. ரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவன் உள்ள இருக்கறவன் இல்ல. வெளிய நிக்கிறவன்.”

“வெளிய நின்னுதான் ஐயா பந்தல் கட்டுவோம். உள்ள உக்காந்திருக்கறவங்க தலையில வெயில் படாம இருக்கறது அதனாலதான்.”

“எனக்கு முப்பத்தி ரெண்டு வருஷமா ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்ல.”

“உங்களுக்குக் குடுத்துவெச்சது ஐயா. எனக்கு வாரத்துல மூணு நாள் வரும். ஆனா ஏழு நாளும் ஜெபம் பண்றேன்.”

அவர் ஸ்கூட்டரை எடுத்தார். பாஸ்டர் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நின்றார். நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அதிகமாக வலித்தது.

“பிரதர், ஏதாச்சும் ஒரு தேதி. நீங்க அழுதேன்னு சொன்னீங்களே, காட்டுமன்னார்கோயில்ல, அதைப் போடுங்க. வருஷம் தெரியலன்னா குத்துமதிப்பா போடுங்க. அந்தப் பொண்ண நெனச்சிப் பாருங்க.”

“நகம் பேந்த நாளப் போடவா பாஸ்டர்?”

அவர் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். நான் உண்மையானவன் என்று காட்டுவதற்கு எல்லாரும் என்னைப் பொய் எழுதச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. வடலூரில் பந்தல் போட்ட நாட்களில் தர்மசாலையில் சோற்றுக்கு வரிசையில் நிற்பேன். எந்தத் தேதியில் இருந்து உனக்குப் பசிக்கிறது என்று அங்கே ஒருவனும் என்னைக் கேட்டதில்லை. இலையைப் போட்டார்கள்.

ஆனாலும் அவளை நினைத்தேன். பொய்யாக எழுதத்தான் கூடாது, உண்மையான தேதி ஒன்று கிடைத்தால் எழுதலாம் இல்லையா? மேஸ்திரிக்கு யானை ஞாபகம். எந்த ஊரில் எத்தனை சவுக்கு நட்டோம் என்பதுகூடச் சொல்வார். அவரைக் கேட்டு அந்தக் கூட்டங்களை வரிசையாக அடுக்கினால், அதில் ஒன்றாவது எனக்குப் பிடிபடலாம். ஐஸ் ஆலையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. முட்டி ஆபரேஷன் செய்து தொழிலை மகளின் கணவரிடம் விட்டுவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

“இன்னா மாப்ள, உயிரோட இருக்கியா? தோள் இன்னும் சாஞ்சிதான் கெடக்குது.”

“கல்யாணம்ணா எனக்கு.”

“இப்பவா? சரி, பரவால்ல. பந்தலுக்கு வந்தியா?”

“தேதிக்கு வந்தேன்.”

படிவத்தின் கதையைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஆக, நீ முன்னாடி போன கூட்டத்துல எது நெசம்னு கண்டுபுடிக்கணும்.”

“நீ என்ன அனுப்பன கூட்டமெல்லாம் வரிசையா சொல்லு. நான் யோசிச்சிப் பாக்கறேன்.”

“ரெண்டு.”

“இன்னா ரெண்டு?”

“ரெண்டு தடவதான்டா அனுப்பனேன். மொதல்ல இங்க. அப்பறம் புவனகிரில. புவனகிரில கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பிரசங்கியாரு என்னத் தனியா கூப்புட்டாரு. எவனோ சொல்லிட்டான் போல. ‘மேஸ்திரி, ஆளு அனுப்பாதீங்க, ஒருத்தரும் வரலன்னாலும் பரவால்ல’ன்னு கையப் புடிச்சிக்கிட்டு சொன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சி. அன்னியோட வுட்டுட்டேன்.”

“எனக்கு நீ சொல்லவே இல்லையே.”

“எல்லாரையும் உக்கார வெச்சி சொன்னேன். நீயும் இருந்த. டீ கிளாஸக் கையில வெச்சிக்கிட்டு ‘சரிண்ணா’ன்ன.”

எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. டீ கிளாஸ்கூட ஞாபகம் இல்லை.

“அப்ப அதுக்கப்பறம் நான் போனது?”

“நீ போன. கீபோர்டு ஆரம்பிச்சா போதும், பசங்க ‘மாப்ள கெளம்பிட்டான்டா’ம்பானுங்க. சிரிப்பானுங்க. எனக்குத்தான் பயம், நான் அனுப்பறேன்னு அவுங்க நெனச்சிக்கப் போறாங்களேன்னு.”

“ஒரு தடவகூட என்ன ஏன்னு நீ கேக்கலையே.”

“இன்னாத்தடா கேக்கறது? ஒருத்தன் சாமி கும்புடப் போறான். எதுக்குப் போறன்னா கேப்பாங்க?”

டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் கேட்டேன்.

“ஒருவேள நீ நிறுத்தச் சொன்னது மறந்துபோயி, வேலைன்னு நெனச்சிப் போயிருப்பேனோ?”

மேஸ்திரி நாற்காலி குலுங்கச் சிரித்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நீயா? சொன்ன வேலையவே செய்ய மாட்ட. சவுக்கு தூக்குடான்னா பீடி பத்த வெப்ப. சொல்லாத வேலையத் தேடிப் போயி முப்பது தடவ செஞ்சியா நீ? எவன்கிட்டனா சொல்லு, நம்புவான்.”

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேஸ்திரி சொன்னது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூலிக்காக நடந்தேன் என்று இத்தனை வருடம் என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டது பொய். வெட்கத்தை மறைக்க ஒரு காரணம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அடுத்த பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நானாகத்தான் முப்பது தடவை போனேன் என்றால், முதல் தடவையிலேயே ஏன் போதவில்லை? கதவு திறந்திருந்தால் ஒருவன் எதற்கு முப்பது தடவை தட்டுகிறான்? மூப்பரிடம் சொன்னால், பார்த்தாயா, இருபத்தொன்பது தடவையும் நீ ரட்சிக்கப்படவில்லை என்பார். முப்பதாவதும் சந்தேகம் என்பார்.

ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றபோது எனக்குச் சலித்துப்போயிற்று. இதற்கு முடிவே கிடையாது என்று தெரிந்தது. கூலிக்கு நடந்தேன் என்றாலும் சந்தேகம், ஆசையாக நடந்தேன் என்றாலும் சந்தேகம். தேதி இருந்தாலும் அந்தத் தேதியில் மனசு சரியாக இருந்ததா என்று கேட்டு உட்கார்ந்திருப்பேன். என் மனசை நான் எத்தனை தடவை பிரித்துப் பார்ப்பது? பந்தலையே ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவைதான் பிரிப்போம். நான் போனேன். அது நடந்த விஷயம். மண்ணில் மண்டியிட்டு மண்டியிட்டு என் முட்டி கறுத்திருக்கிறது. அதற்கு மேல் செய்ய வேண்டியது ஆண்டவர் வேலை. அதை அவர் செய்தாரா என்பதற்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட மாட்டேன். அவர் செய்யவில்லை என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுமே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு அவரை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருப்பேன். பதினாறு வருடம் ஒரு ஊரில் ஒரு மாதம் தங்காதவன் இந்த ஒரு இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறேன். அதற்குக் கட்டம் இருந்தால் போடுங்கள், எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் அவளைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “கட்டத்தைக் காலியா குடுக்கப் போறேன். உனக்கு இதனால கல்யாணம் நின்னுபோவும்னா இப்பவே சொல்லிடு” என்றேன். அவள் அரிவாள்மணையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என் தேதி உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். மே மாசம். வருஷா வருஷம் தேங்காய் மிட்டாய் குடுப்ப.”

“ஏழு வயசு எனக்கு. லீவுல சபையில வகுப்பு நடத்தனாங்க. யாருக்கெல்லாம் இயேசு வேணும்னு டீச்சர் கேட்டாங்க. கை தூக்கனவங்களுக்கெல்லாம் ஆரஞ்சு ஜூஸ் குடுத்தாங்க. நான் ரெண்டு கையையும் தூக்கனேன்.” கையைக் கழுவினாள். “எங்கம்மா அந்தத் தேதிய எழுதி வெச்சாங்க. முப்பது வருஷமா அதையே சொல்லிக்கிட்டிருக்கேன். ஜூஸுக்குத் தூக்கனனா, அவருக்குத் தூக்கனனான்னு எனக்கும் தெரியாது. உங்களாட்டம் வாயத் தெறந்து சொல்றதுக்குத்தான் தைரியம் இல்ல.”

“நீ ஏன் சொல்லணும்? உன்னுதுதான் எழுதியாச்சே.”

“எழுதியாச்சி. குடுக்கல.”

மறுநாள் இருவரும் பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். நான் என் படிவத்தை நீட்டினேன். அவள் தன் படிவத்தைப் பையில் இருந்து எடுத்து, பாஸ்டரின் பேனாவையே வாங்கி, தன் தேதியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுத்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பாஸ்டரும் எதிர்பார்க்கவில்லை.

“நீயுமாம்மா?”

“தெரியாததை எழுதிட்டேன் ஐயா. அதான் அடிச்சிட்டேன்.”

“கமிட்டி ஒத்துக்காதும்மா.”

“என் வூட்டுக்காரர் பொட்டிய அங்க வெச்சப்ப நீங்க தேதி கேக்கலையே ஐயா. அவரு ஒரு நாளும் சாட்சி சொன்னதில்ல. தேதி சொன்னதில்ல. ஆனா நீங்க பொட்டி மேல கைய வெச்சி, நிச்சயமா பரலோகத்துல இருக்காருன்னு சொன்னீங்க. அதக் கேட்டுத்தான் நான் அன்னிக்கி எழுந்து நடந்தேன். செத்தவங்களுக்கு நீங்களே நிச்சயம் சொல்றீங்க. உசுரோட இருக்கறவங்ககிட்ட மட்டும் தேதி கேக்கறீங்க.”

பாஸ்டர் முன்னால் பாதி கட்டிய மோட்டார் கிடந்தது. அவர் கம்பியின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கமிட்டி நினைத்தால் அவரை அனுப்பிவிடலாம். அவருக்குப் போக வேறு இடம் கிடையாது.

“அவரு தேதி சொன்னதில்லதான்” என்றார் கடைசியில். “ஆஸ்பத்திரியில என் கைய வுடாம புடிச்சிக்கிட்டிருந்தாரு. அத வெச்சித்தான் நான் சொன்னேன்.”

இரண்டு படிவங்களையும் சேர்த்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வியாழக்கிழம. காலையில பத்து மணி. சபைச் சாவி என்கிட்டதான் இருக்குது. கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன். ஒத்துக்கலன்னா முழு நேரமும் மோட்டார் கட்டிக்கிட்டுக் கெடக்கறேன், வேற இன்னா?”

வியாழக்கிழமை இருபது பேர் வந்திருந்தார்கள். ஐஸ் ஆலை ஆட்கள், மார்க்கெட் பெண்கள், பாஸ்டரின் மனைவி. மூப்பர் வரவில்லை. மேஸ்திரி கைத்தடியோடு பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருகாணி போட்டது சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். அவள் நடு மின்விசிறிக்கு நேர்கீழே நின்றாள். மின்விசிறி வேகமாகச் சுற்றி அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டே இருந்தது. குறைக்கட்டுமா என்று ஒரு பெண் எழுந்தாள். “வேணாம், சுத்தட்டும்” என்றாள்.

கல்யாண வாக்குறுதியைச் சொன்னோம். கல்யாணப் பதிவேட்டில் தேதி எழுதக் கொடுத்தார்கள். யோசிக்காமல் எழுதினேன். அது எனக்குத் தெரிந்த தேதி.

ஜெபம் முடிந்தது. பாஸ்டருக்குப் பழக்கம் விடவில்லை. கண்ணை மூடியபடியே குரலைத் தாழ்த்தினார்.

“இந்த வேளையில, யாராவது தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க விரும்பினா, எழுந்து முன்னால வாங்க.”

கீபோர்டு மெதுவாக ஆரம்பித்தது. யாரும் எழவில்லை. நிச்சயம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆன ஐந்தாவது நிமிடத்தில்கூட வரவில்லை. வழக்கம்போல என் வலது கால் தானாக ஒரு அடி எடுத்தது.

கடைசி வரிசையில் இருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

“டேய் மாப்ள, எங்கடா கெளம்பற? நீ முன்னாடிதான்டா நிக்கிற!”

மார்க்கெட் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாஸ்டர் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அவள் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். எடுத்த காலைத் திரும்ப வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.